எழுத்தைத் தானம் செய்தவர்கள்

அன்னதானத்தைப் பற்றியும் வித்தியாதானத்தைப் பற்றியும் நாம் நிரம்பக் கேள்விப்பட்டிருக்கிறோம். எழுத்தையே தானம் செய்தவர்களைப் பற்றிக் கேட்டிருப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். வங்க மொழியின் எழுத்துக்களைக் கணிப்பொறிக்கென்று வரைந்து, இவை எல்லோருக்கும் உரியவை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகின் முன் வைத்த சிலரைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். எழுத்து என்பது அந்த மொழியைப் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவானதுதானே, அதைத் தானமாகக் கொடுக்க ஒருவர் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவு செய்துகொள்வோம். 'க' என்னும் எழுத்துக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. அதை நீங்கள் எழுதினால் உங்கள் கையெழுத்து. நான் எழுதினால் என் கையெழுத்து. ஆயின் அச்சிட்ட புத்தகத்தில் காணும் 'க'வோ உங்களுடையதும் அன்று, என்னுடையதும் அன்று. அதன் வளைவையும் நெளிவையும், தடிப்பையும் மெலிவையும் யாரோ ஒருவர் பல நாள் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார். ஒரு மொழிக்கு வேண்டிய எழுத்துக்கள் யாவற்றையும் இவ்வாறு ஒரே சாயலில் வரைந்து ஒன்றாகச் சேர்த்து வைத்த தொகுதியை எழுத்துரு என்கிறோம். கணிப்பொறியின் திரையில் நாம் படிக்கும் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஓர் எழுத்துருவிலிருந்து எடுத்துக் காட்டப்படுவதுதான். ஒரு மொழிக்குரிய எழுத்துரு கணிப்பொறியில் இல்லாவிட்டால், அந்த மொழியில் யார் என்ன எழுதி அனுப்பினாலும் திரையில் வரிசையாகக் காலிக் கட்டங்களே தோன்றும். கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அதைப் படிக்க இயலாது. தாய் எழுதிய மடலாயினும் அதே கதிதான். ஆகவே எழுத்து பொதுச் சொத்தாயினும், அதைக் கண்ணுக்குக் காட்டும் வடிவம் ஒருவருடைய உழைப்பினால் விளைந்தது. உழைத்தவருக்கு அதில் உரிமையும் உண்டு. சிக்கல் தொடங்கும் இடம் இதுவே.

இந்தக் கதையின் வேர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்கிறது. 1778-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஹூக்ளி நகரில் ஓர் இலக்கண நூல் அச்சாயிற்று. எழுதியவர் நத்தானியேல் ஹால்ஹெட் என்னும் ஆங்கிலேயர். நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், அதிலுள்ள எடுத்துக்காட்டுகள் வங்க எழுத்தில் இருந்தன. அந்த எழுத்துக்களை வார்க்கும் பொறுப்பை ஏற்றவர் சார்லஸ் வில்கின்ஸ். பின்னர் பகவத் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1785-இல் வெளியிட்டவரும் அவரே. அவருக்குக் கை கொடுத்தவர் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளி. கர்மகார் என்றால் கொல்லர் என்று பொருள். இரும்பையும் செம்பையும் பணியவைக்கும் பரம்பரைக் கைத்திறனை, எழுத்து வார்க்கும் புதிய வேலைக்குத் திருப்பிவிட்டார் அவர்.

உலோக எழுத்து எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொண்டால் பின்னர் வருவது எளிதில் விளங்கும். எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்குவார்கள். இதற்குப் பஞ்ச் என்று பெயர். அதைச் செம்புக் கட்டியின் மேல் வைத்து ஓங்கி அடித்தால் அந்த எழுத்தின் வடிவில் பள்ளம் விழும். அந்தப் பள்ளமே தாய் அச்சு. உருக்கிய ஈயக் கலவையை அதில் ஊற்ற ஊற்ற எழுத்துக்கள் பிறந்துகொண்டே இருக்கும். தேய்ந்த எழுத்தை உருக்கி மறுபடியும் வார்த்துக்கொள்ளலாம். ஆனால் தாய் அச்சு போய்விட்டால் எல்லாம் போயிற்று.

1800-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அருகே சேராம்பூரில் வில்லியம் கேரியும் அவருடைய தோழர்களும் அச்சுக்கூடம் நிறுவியபோது, பஞ்சானன் அங்கே பணியில் சேர்ந்தார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் மனோகர் அந்தக் கலையைத் தொடர்ந்தார். சேராம்பூர் அக்காலத்தில் டேனிஷ்காரர்களின் ஊர். நம் தரங்கம்பாடியும் அவ்வாறே. தமிழ் அச்சுக்குப் புகழ் பெற்ற தரங்கம்பாடியும் வங்க அச்சுக்குப் புகழ் பெற்ற சேராம்பூரும் ஒரே கொடியின் கீழ் இருந்தன. 1845-இல் இரண்டும் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

1812-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதில் சேராம்பூர் அச்சுக்கூடம் தீப்பற்றி எரிந்தது. காகிதம் எரிந்தது; கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின; பல மொழிகளின் எழுத்துக்கள் உருகி ஓடின. ஆனால் இடிபாடுகளைக் கிளறியபோது பஞ்சுகளும் தாய் அச்சுகளும் கெடாமல் கிடைத்தன. உருகிய ஈயத்தையே திரட்டி எடுத்து, அந்தத் தாய் அச்சுகளில் ஊற்றிப் புதிய எழுத்துக்களை வார்க்கும் வேலை விரைவிலேயே தொடங்கிவிட்டது. மாணவ நண்பர்களே, இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைக் கையில் வைத்திருப்பது வேறு; எழுத்தின் தாய் அச்சைக் கையில் வைத்திருப்பது வேறு.

இனி வங்க எழுத்தின் இயல்பைச் சிறிது பார்ப்போம். தமிழ் படித்த நமக்கு அதில் சில பழக்கமானவை, சில புதியவை. 'கெ' என்று எழுதும்போது ககரத்துக்குப் பின் ஒலிக்கும் எகரத்தின் குறியை நாம் ககரத்துக்கு முன்னே போடுகிறோம். 'கொ' என்றால் இரு பக்கமும் குறிகள் வந்து அணைத்துக்கொள்கின்றன. வங்க எழுத்திலும் இவ்வாறே. அங்கே இகரக் குறியும் இடப்பக்கத்தில் வருகிறது. இவ்வளவில் நமக்கு வியப்பில்லை. நம்மிடம் இல்லாதது கூட்டெழுத்து. தமிழில் மெய்யின் மேல் ஒரு புள்ளி வைத்தால் போதும். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தாலும் ஒவ்வொன்றும் தன் வடிவோடு தனித்து நிற்கும். வங்க மொழியில் அவை உருகி ஒன்றாகிவிடும். கவும் ஷவும் சேர்ந்தால் இரண்டையும் ஒத்திராத மூன்றாவதொரு வடிவம் தோன்றும். 'ராஷ்ட்ர' என்னும் சொல்லில் மூன்று மெய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும். ரகரத்தின் விளையாட்டோ தனி விளையாட்டு. 'கர்ம' என்னும் சொல்லில் மகரத்துக்கு முன்னே ஒலிக்கும் ரகரம், எழுத்தில் மகரத்தின் தலைமேல் ஒரு சிறு கொக்கியாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதே ரகரம் ஒரு மெய்க்குப் பின் ஒலித்தாலோ, அந்த மெய்யின் காலடியில் ஓர் அலைக்கோடாகப் படுத்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கோடு ஓடுகிறது. வங்காளிகள் அதை மாத்ரா என்பார்கள். எழுத்துக்கள் பல, அந்தக் கொடியில் காயப்போட்ட துணிகளைப்போல் தொங்குகின்றன. சில எழுத்துக்களுக்கு அந்தக் கோடு முழுமையாக உண்டு. சிலவற்றுக்குப் பாதி உண்டு. சிலவற்றுக்கு இல்லவே இல்லை. எகரக் குறி சொல்லின் முதலில் வந்தால் மேற்கோடு இல்லாமலும், சொல்லின் நடுவே வந்தால் மேற்கோட்டோடும் எழுதப்படும். பள்ளியில் கற்பிக்கும் வங்க அரிச்சுவடியில் 11 உயிரும் 39 மெய்யுமாக 50 எழுத்துக்கள்தாம். ஆயின் கூட்டெழுத்துக்களோ 200-க்கும் மேற்பட்டவை. ஈய எழுத்தைக் கோப்பவருக்கு இது பெரும் சுமையாக இருந்தது. 1935-இல் ஆனந்தபஜார் பத்திரிகை வங்க மொழிக்கு லைனோடைப் இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது, இயந்திரத்திலுள்ள குறைந்த இடத்துக்குள் அடங்கும்படி எழுத்துக்களின் எண்ணிக்கையைச் சுருக்க வேண்டியதாயிற்று. சுரேஷ் சந்திர மஜும்தார் அந்த அரிய வேலையை முன்நின்று செய்தார். இயந்திரத்துக்காக எழுத்து வளைந்துகொடுத்த காலம் அது.

கணிப்பொறி வந்ததும் இடநெருக்கடி தீர்ந்தது. வேறொரு நெருக்கடி பிறந்தது. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்ன எண் இன்ன எழுத்து என்று முதலில் ஓர் உடன்பாடு வேண்டும். தொடக்கத்தில் அந்த உடன்பாடு இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய எண்ணைத் தனக்குத் தோன்றிய வடிவத்துக்குக் கொடுத்துக்கொண்டது. ஒருவருடைய எழுத்துருவில் எழுதிய கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். தமிழர்களாகிய நாமும் இந்தத் துன்பத்தை நன்றாக அனுபவித்திருக்கிறோம். இதன் உட்பொருள் என்னவென்றால், கட்டுரையை எழுதியவர் ஒருவராயினும், அதைப் படிக்கும் திறவுகோல் எழுத்துருவை விற்றவரிடம் இருந்தது. அவர் கடையை மூடிவிட்டால் கட்டுரையும் மூடியதே.

யூனிக்கோடு என்னும் உலகப் பொது எண்முறை 1991-இல் வெளிவந்தது. அதில் வங்க எழுத்துக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அசாமிய மொழிக்குரிய எழுத்துக்களும் அந்த வட்டத்துக்குள்ளேயே அமைந்தன. கூட்டெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் அங்கே இல்லை. அடிப்படை எழுத்துக்களுக்கு மட்டுமே எண் உண்டு. கவை எழுதி, நம் புள்ளியைப் போன்ற ஹசந்தா என்னும் குறியை எழுதி, பின் ஷவை எழுதினால், இம்மூன்றையும் கண்டு கூட்டெழுத்தின் வடிவத்தைத் தேடி எடுத்துக் காட்டவேண்டியது கணிப்பொறியின் கடமை. எந்தச் சேர்க்கைக்கு எந்த வடிவம் என்னும் அட்டவணை எழுத்துருவுக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். ஆகவே புதிய முறையில் எழுத்துரு என்பது வெறும் படத்தொகுப்பு அன்று. ஒரு மொழியின் எழுத்திலக்கணமே அதனுள் குடியிருக்கிறது எனலாம்.

இவ்வேளையில் மற்றோர் இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்னும் நான்கு உரிமைகளை முன்வைத்து, ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினக்ஸ் பிறந்து அதற்கு வலிமை சேர்த்தது. கட்டற்ற மென்பொருள் என்று நாம் அழைப்பது இதனையே. கல்கத்தாவிலும் டாக்காவிலும் இருந்த இளைஞர்கள் சிலர், இந்த மென்பொருளைத் தம் தாய்மொழியில் இயங்கச் செய்ய ஆசைப்பட்டார்கள். அங்குர் என்னும் பெயரில் ஒரு குழு கூடிற்று. அங்குரம் என்றால் முளை. கட்டளைகளையும் பட்டியல்களையும் வங்க மொழியில் பெயர்த்தார்கள். ஆயின் பெயர்த்த சொற்களைத் திரையில் காட்ட எழுத்துரு வேண்டுமே! விலைக்கு வாங்கிய எழுத்துருவைக் கட்டற்ற மென்பொருளோடு சேர்த்து ஊருக்குக் கொடுக்க முடியாது, உரிமையாளர் அனுமதிக்கமாட்டார். கதவைத் திறந்துவைத்துவிட்டு விளக்குக்கு மட்டும் வாடகை கேட்பதைப் போன்ற நிலை அது.

ஆகவே கட்டற்ற வங்க எழுத்துருக்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குப் பேருதவி பெங்களூரிலிருந்து வந்தது. ஆக்ருதி என்னும் பெயரில் இந்திய மொழி எழுத்துருக்களைச் செய்துவந்த சைபர்ஸ்கேப் நிறுவனம், 2003-ஆம் ஆண்டில் தன் எழுத்துருக்கள் சிலவற்றைப் பொது உரிமத்தின் கீழ் உலகுக்கு வழங்கியது. அவற்றிலிருந்த வங்க வடிவங்களை அடிப்படையாகக் கொண்டு, யூனிக்கோடு முறைக்கு வேண்டிய அட்டவணைகளைத் தொண்டர்கள் சேர்த்தார்கள். அவ்வாறு உருவான எழுத்துருவுக்கு அவர்கள் சூட்டிய பெயர் முக்தி. லிகன் என்பது அத்திட்டத்தில் மலர்ந்த மற்றோர் எழுத்துரு. அந்தச் சொல்லுக்கு எழுதுதல் என்று பொருள். இவற்றை லினக்ஸின் தொகுப்புகள் ஏற்றுக்கொண்டன. 2004-இல் ரெட் ஹாட் நிறுவனம் லோஹித் என்னும் வரிசையை வழங்கியது. அதில் வங்க மொழியும் இருந்தது, நம் தமிழும் இருந்தது.

இத்தகைய எழுத்துரு ஒன்றைச் செய்ய என்ன வேண்டும்? விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்னும் கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு. ஃபோர்ஜ் என்றால் கொல்லனின் உலைக்களம். பஞ்சானன் கர்மகாருடைய உலைக்களத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை பாருங்கள்! முதலில் எழுத்தைக் காகிதத்தில் வரைகிறார்கள். பிறகு அதன் புறக்கோட்டைத் திரையில் புள்ளிகளாலும் வளைகோடுகளாலும் அமைக்கிறார்கள். புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு வளைவு சீராக இருக்கும். அடுத்து இடைவெளி. தமிழில் இரண்டு எழுத்துக்களுக்கு நடுவே சிறிது வெளி விட்டால் போதும். வங்க எழுத்திலோ ஒன்றின் மேற்கோடு அடுத்ததின் மேற்கோட்டோடு மயிரிழையும் பிசகாமல் சேரவேண்டும். ஓர் எழுத்தில் கோடு சிறிது உயர்ந்தாலும் தடித்தாலும், படிக்கும் கண் ஒவ்வோர் எழுத்திலும் தடுக்கி விழும்.

அதன் பின்னரே கடினமான வேலை வருகிறது. எந்தெந்த எழுத்துக்கள் சேர்ந்தால் எந்த வடிவம், ரகரக் கொக்கி எங்கே ஏறும், உகரக் குறி எந்த மெய்யோடு சேரும்போது உருமாறும் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அட்டவணையில் எழுத வேண்டும். வரிசை முக்கியம். இரண்டாம் விதி முதல் விதிக்கு முன்னே ஓடிவிட்டால் சொல் சிதைந்துபோகும். பின் சோதனை. லக்ஷ்மி, ஸ்த்ரீ, ராஷ்ட்ர என்று கடுமையான சொற்களைத் தேர்ந்தெடுத்து எழுதிப் பார்ப்பார்கள். பெரிய அளவில் அழகாக நின்ற அடுக்கு, சிறிய அளவில் ஒரு கறுப்புத் திட்டாக மாறிவிடும். மறுபடியும் உளியைக் கையில் எடுக்க வேண்டியதுதான். இலக்கணம் ஒருவருக்குத் தெரியும், ஓவியம் மற்றொருவருக்குத் தெரியும், கணிப்பொறி மூன்றாமவருக்குத் தெரியும். மூவரும் கூடினால்தான் எழுத்துரு முழுமை பெறும்.

செய்து முடித்ததும் கொடுத்துவிடலாமா? கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. இலவசம் என்று வாயால் சொன்னால் போதாது. இன்று இலவசம் என்றவர் நாளை விலை கேட்கலாம். அவர் காலத்துக்குப் பின் அவருடைய வாரிசுகள் கேட்கலாம். எனவே உரிமம் என்னும் எழுத்துப் பத்திரம் வேண்டும். தொடக்கத்தில் மென்பொருளுக்காக எழுதிய பொது உரிமத்தையே எழுத்துருவுக்கும் பயன்படுத்தினார்கள். அதில் ஓர் ஐயம் எழுந்தது. இந்த எழுத்துருவை உள்ளடக்கி நான் ஒரு புத்தகம் வெளியிட்டால், என் புத்தகமும் அந்த உரிமத்துக்குக் கட்டுப்பட்டுவிடுமா? அவ்வாறு ஆகாது என்று விதிவிலக்கு ஒன்றைச் சேர்த்து அந்த ஐயத்தைப் போக்கினார்கள். 2005-இல் எஸ்.ஐ.எல். என்னும் மொழியியல் நிறுவனம் எழுத்துருவுக்கென்றே தனி உரிமம் ஒன்றை வகுத்தது. அதன்படி எழுத்துருவை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிற மென்பொருளோடு சேர்த்து விற்கவும் செய்யலாம். ஆனால் எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்கலாகாது. திருத்தியவர் தம் படைப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். முதலில் செய்தவர் தம் எழுத்துருவின் பெயரைக் காத்துவைத்திருந்தால், திருத்தியவர் வேறு பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும்.

தானம் செய்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. கொடுக்கும் பொருள் தம்முடையதாக இருக்கவேண்டும். பிறர் விற்கும் எழுத்துருவின் புறக்கோடுகளை நகலெடுத்து, இரண்டு புள்ளிகளை நகர்த்திவிட்டு, இது என் காணிக்கை என்று வைப்பது தானம் ஆகாது. அண்டை வீட்டு மரத்துப் பூவைப் பறித்து அர்ச்சனை செய்வதைப் போன்றது அது. அதனால்தான் கட்டற்ற மென்பொருள் தொகுப்புகளைப் பேணுவோர், அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னே, எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, உரிமப் பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள்.

கட்டற்றதாக இருப்பதால் விளையும் பயன் என்ன? விலையின்றிக் கிடைப்பது மட்டும்தானா? ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். வங்க மொழியில் கண்ட-த என்று ஓர் எழுத்து உண்டு. உயிரில்லாமல் ஒலிக்கும் தகரத்தின் தனி வடிவம் அது. திருவிழாவைக் குறிக்கும் உத்ஸவ் என்னும் சொல்லிலும், எதிர்காலத்தைக் குறிக்கும் பவிஷ்யத் என்னும் சொல்லிலும் அது வருகிறது. யூனிக்கோடு முறையில் முதலில் அதற்குத் தனி எண் இல்லை. தகரம், ஹசந்தா, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்குறி ஆகிய மூன்றைக் கோத்துத்தான் எழுத வேண்டும். இது தனி எழுத்து, தனி இடம் வேண்டும் என்னும் வாதம் நெடுநாள் நடந்தது. 2005-இல் வெளிவந்த 4.1 என்னும் பதிப்பில் அதற்குத் தனி எண் கிடைத்தது. நல்லதுதான், ஆனால் அன்றுவரை இருந்த எழுத்துருக்களில் அந்தப் புதிய எண்ணுக்கு வடிவம் கிடையாது. எதிர்காலம் என்று எழுதினால் ஈற்றெழுத்தின் இடத்தில் காலிக் கட்டம் தோன்றும்! மூடிய எழுத்துருவை வாங்கியிருந்தவர் விற்றவரை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். கட்டற்ற எழுத்துருவிலோ, விவரம் அறிந்த எந்த மாணவனும் மாணவியும் அதைத் திறந்து அந்த ஓர் எழுத்தைச் சேர்த்துவிடலாம். சேராம்பூரில் இடிபாடுகளுக்கிடையே கிடைத்த தாய் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற எழுத்துருவோடு நமக்குக் கிடைப்பது அந்தத் தாய் அச்சுதான்.

மற்றொரு நன்மையும் உண்டு. வங்க எழுத்தைக் குழந்தைகள் எளிதில் கற்கும்பொருட்டு, கூட்டெழுத்தில் உள்ள ஒவ்வொரு மெய்யும் அடையாளம் தெரியும்படி எழுதவேண்டும் என்று பச்சிம் பங்க பாங்ளா அகாடமி வலியுறுத்தியது. பழைய வடிவமே அழகு என்பாரும் உளர். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. தாய் அச்சு பொதுவில் இருந்தால் இரு சாராரும் தத்தம் விருப்பப்படி வார்த்துக்கொள்ளலாம். ஒரு கடைக்காரரின் விருப்பம் ஒரு மொழியின் எழுத்தைத் தீர்மானிக்கும் நிலை வராது.

எதிர்வாதம் ஒன்றையும் கேட்க வேண்டும். எழுத்துருவை எல்லோரும் இனாமாகக் கொடுத்துவிட்டால், அதையே தொழிலாகக் கொண்ட கலைஞர் எப்படிப் பிழைப்பார்? இது தள்ளிவிடத் தக்க கேள்வி அன்று. நல்ல எழுத்துரு என்பது பல மாத உழைப்பு. சில வேளைகளில் பல ஆண்டுகளின் உழைப்பு. ஆனந்தபஜார் பத்திரிகைக்காக லைனோடைப் நிறுவனத்தில் ஃபியோனா ராஸ், டிம் ஹாலோவே ஆகியோர் உருவாக்கிய வங்க எழுத்துருவின் அழகு அத்தகைய உழைப்பில் விளைந்ததுதான். அந்த உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஊதியத்தைப் படிப்பவனிடமிருந்தே வாங்க வேண்டும் என்பதில்லை. ஊர்ப் பொதுக் கிணற்றை வெட்டியவருக்குக் கூலி உண்டு. தண்ணீர் எடுக்க வருபவர்களிடம் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. லோஹித்துக்கும், பின்னர் வந்த நோட்டோ வரிசைக்கும் பெரிய நிறுவனங்கள் பொருள் செலவிட்டுப் பொதுவில் வைத்தன. விற்பனைக்குரிய சிறந்த எழுத்துருக்கள் அவற்றின் அருகிலேயே வாழ்கின்றன. அலங்காரத்துக்கு விலை கொடுக்கலாம். அரிச்சுவடிக்கு விலை கேட்கலாகாது. என் கருத்து இவ்வளவே.

வங்க மொழியைப் பொறுத்தவரை இது வெறும் வசதியைப் பற்றிய விஷயமும் அன்று. தாய்மொழிக்கு உரிமை கேட்டு 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் டாக்காவில் மாணவர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்த நாளையே உலகத் தாய்மொழி நாள் என்று யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது. அந்த மண்ணில்தான் 2003-இல் மெஹதி ஹசன் கான் என்னும் மருத்துவ மாணவர், அவ்ரோ என்னும் தட்டச்சு மென்பொருளைச் செய்து விலையின்றி வெளியிட்டார். ஒலிப்பின்படி ஆங்கில விசைகளைத் தட்டினால் வங்க எழுத்து வரும். 2025-இல் வங்காளதேச அரசு அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஏகுஷே பதக் என்னும் உயரிய விருதை அளித்துச் சிறப்பித்தது. ஏகுஷே என்பது 21 என்னும் எண். அந்தப் பிப்ரவரி 21-தான்.

மாணவ நண்பர்களே, இவற்றைக் கேட்டு நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நமக்கும் இத்தகைய தானங்கள் வந்துள்ளன. மலையாள மொழிக்குக் கணிப்பொறித் தொண்டு செய்யும் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் குழுவினர், மீரா இனிமை என்னும் தமிழ் எழுத்துருவைச் செய்து கட்டற்ற உரிமத்தில் நமக்கு அளித்திருக்கிறார்கள். அண்டை வீட்டார் நம் மொழிக்கு எழுத்து வார்த்துக் கொடுத்திருக்க, நாம் வாங்கிக்கொள்வதோடு நின்றுவிடலாமா?

எழுத்துரு முழுவதையும் நீங்களே வரைய வேண்டும் என்பதில்லை. திரையில் ஓர் எழுத்து பிழையாகத் தோன்றினால், எந்தச் சொல்லில், எந்த அளவில், எவ்வாறு பிழைபட்டது என்று குறித்துச் செய்தவருக்கு எழுதுங்கள். அதுவே பெரிய உதவி. ஓவியம் வரும் கையுடையவர் ஓர் எழுத்தை வரைந்து பாருங்கள். அந்த ஒன்றை நேராக நிறுத்துவதற்குள், நாள்தோறும் நாம் கவனியாமல் கடந்துசெல்லும் எழுத்துக்களுக்குப் பின்னே எத்தனை பேருடைய கண்ணும் கையும் உழைத்திருக்கின்றன என்பது புலப்படும்.

ஹூக்ளியில் அச்சான அந்த இலக்கண நூலை இன்று எடுத்துப் பார்த்தால், தலைப்புப் பக்கத்தில் நூலாசிரியரின் பெயர் இருக்கும். கொல்லர் பஞ்சானனின் பெயரை அங்கே காண முடியாது. ஆனால் பக்கத்தைப் புரட்டுங்கள். ஒவ்வொரு வங்க எழுத்திலும் அவருடைய உழைப்பு நிற்கிறது. முக்தியையும் லிகனையும் திரையில் பார்த்துக் கடிதம் படிக்கிறவர்களும் அவற்றைச் செய்தவர்களின் பெயரைத் தேடுவதில்லை, கடிதத்தைத்தான் படிக்கிறார்கள். எழுத்தைத் தானம் செய்தவர்கள் விரும்பியதும் அதுவே.